பொய்யரிடம் கேட்ட கேள்விகள்: ஓர் அளவுகோலின் வரலாறு

கிரேத்தத் தீவினர் அனைவரும் பொய்யர் என்று ஒரு கிரேத்தனே சொன்னால் அதைக் கொள்வதா, தள்ளுவதா என்ற பழைய கிரேக்கப் புதிரை நம்மில் பலர் கல்லூரி நாள்களில் கேட்டிருப்போம். தருக்க நூலார் அதனை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டனர். 20ஆம் நூற்றாண்டின் உளவியலாரோ அதே புதிரை அச்சடித்து, எதிரே 'ஆம்', 'இல்லை' என்று எழுதி, ஆயிரக்கணக்கானோர் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பிறரை ஏய்ப்பதையே இயல்பாகக் கொண்ட ஒருவரைக் கண்டறிய, அவரிடமே சென்று 'நீங்கள் பிறரை ஏய்ப்பதுண்டா?' என்று கேட்கும் முறை அது. கேட்ட மாத்திரத்தில் நகைப்பை வரவழைக்கும் இம்முயற்சி எப்படித் தோன்றியது, எதனால் நிலைத்தது, அதன் வழியே ஒரு கருத்தே எவ்வாறு உருமாறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் கலைச்சொல் பற்றிச் சிறிது பேசியாக வேண்டும். தமிழில் 'சைக்கோ' என்ற சொல் திரைப்படச் சுவரொட்டிகள் வழியாகவும் மாலை நாளிதழ்களின் தலைப்புகள் வழியாகவும் வந்து சேர்ந்தது. கத்தியோடு இரவில் அலைபவன் என்பதே அதற்கு நம்மிடையே பொருள். இதில் இரண்டு குழப்பங்கள் உள்ளன. மாயக் குரல்கள் கேட்பதும் இல்லாதவற்றை நம்புவதுமாகிய உளநோய்கள் வேறு, சைக்கோபதி வேறு. சைக்கோபாத் எனப்படுபவருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். குரல் எதுவும் கேட்காது. இரண்டாவது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொன்றவர்கள் அல்லர். 'உளப்பிறழ்வு' என்ற மொழிபெயர்ப்பு முதற்குழப்பத்தை இன்னும் வளர்க்கும் என்பதால், பிறமொழிச் சொல்லாயினும் 'சைக்கோபதி' என்றே எழுதுகிறோம். ஈரமற்ற நெஞ்சு, குற்றவுணர்வின்மை, மேலோட்டமான இனிமை, பொய், பொறுப்பின்மை, அச்சம் தாக்காத இயல்பு ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து அமைவதை அது குறிக்கிறது. இவற்றுள் எவை இன்றியமையாதவை என்பதே இவ்வரலாறு முழுவதும் நடந்த வழக்கு.

ஒழுக்கக்கேட்டை ஓர் ஆளுமை வகையாகப் பார்ப்பது புதிதன்று. அரிஸ்டாட்டிலின் மாணவராகிய தியோபிராஸ்டஸ் வரைந்த 30 குணச்சித்திரங்களுள் நாணமற்றவனும் ஒருவன். மருத்துவத்தில் இது நுழைந்தது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய பாரிசில். பிலிப் பினெல் 1801இல் வெளியிட்ட நூலில், அறிவு கலங்காமலே வெறி கொள்ளும் நோயாளிகளைக் குறிப்பிட்டார். 1835இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் கவுல்ஸ் பிரிச்சர்டு 'ஒழுக்கப் பித்து' என்ற பெயரைப் பரப்பினார். 'சைக்கோபதி' என்ற சொல்லை ஜெர்மானிய மருத்துவர்கள் கையாண்டனர். அவர்களிடம் அது ஏறத்தாழ எல்லா ஆளுமைக் கோணல்களுக்கும் பொதுப்பெயராக இருந்தது. இவற்றை விரித்துரைக்க இங்கு தேவையில்லை. இன்று நாம் கொள்ளும் பொருளுக்கு உருவம் கொடுத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நகரில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த ஹெர்வி கிளெக்லி.

1941இல் வெளிவந்த அவருடைய 'நலத்தின் முகமூடி' என்ற நூலை மருத்துவ நூல் என்பதைவிட வாழ்க்கைச் சித்திரங்களின் தொகுதி எனலாம். தம்மிடம் வந்தவர்களை அவர் நாவலாசிரியரைப் போல வரைகிறார். நல்ல குடும்பத்தில் பிறந்து, நன்றாகப் பேசி, எல்லோரையும் கவர்ந்து, பிறகு காரணமே இல்லாமல் ஒரு காசோலை மோசடியிலோ குடிவெறியிலோ எல்லாவற்றையும் தொலைத்து, அடுத்த வாரம் அதே புன்னகையோடு வந்து நிற்பவர்கள் அவர்கள். உணர்ச்சியின் சொற்கள் அவர்களுக்குத் தெரியும். அச்சொற்களின் பொருள் மட்டும் உள்ளே சென்று சேர்வதில்லை என்பது கிளெக்லியின் கருத்து. பிற்பதிப்புகளில் அவர் இவர்களின் இயல்புகளை 16 கூறுகளாகத் தொகுத்தார். நமது கட்டுரைக்கு முக்கியமானது வேறொன்று. வணிகர், விஞ்ஞானி, மருத்துவர், ஏன், மனநல மருத்துவர் என்று சமூகத்தில் நன்கு நிலைபெற்றவர்களுள்ளும் இவ்வியல்பின் அரைகுறை வடிவங்கள் உண்டென்று சொல்லி, அவர்களுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் எழுதினார். ஆகவே சைக்கோபதி சிறைச்சாலைக்குள் மட்டும் இருப்பதன்று என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் வெளியே இருப்பவர்களை எங்கே போய்த் தேடுவது? மருத்துவமனைக்கு அவர்கள் வருவதில்லை. தமக்கு ஏதோ குறை என்றே அவர்கள் எண்ணுவதில்லை.

இங்கேதான் வினாப்பட்டியல் வருகிறது. அதன் பிறப்புக்கும் சைக்கோபதிக்கும் தொடர்பில்லை. முதல் உலகப்போரில் குண்டதிர்ச்சியால் மனம் குலையக்கூடிய படைவீரர்களை முன்கூட்டியே பிரித்தறிய அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த் 116 கேள்விகள் கொண்ட தாளொன்றை ஆக்கினார். அது ஆயத்தமாவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆயினும், மருத்துவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டியதை ஒரு தாள் கேட்டுவிடும் என்ற எண்ணம் பிழைத்துக்கொண்டது. மலிவு, விரைவு, ஒரே சமயத்தில் நூறு பேர். கல்லூரியில் பணியாற்றும் நமக்கு இந்தக் கவர்ச்சி நன்றாகவே புரியும். பருவ இறுதியில் மாணவர் கருத்தறியும் படிவங்களை வழங்கி அரைமணியில் திரும்பப் பெறும் இனம் அல்லவா நாம்!

இந்த வழியில் பெரும் பாய்ச்சல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஸ்டார்க் ஹாத்தவே என்ற உளவியலாளரும் ஜே. சி. மெக்கின்லி என்ற நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து 1943இல் வெளியிட்ட ஆளுமை வினாத்தொகுதி, ஆங்கில முதலெழுத்துகளால் எம்.எம்.பி.ஐ. என்று பெயர் பெற்றது. தொடக்கத்தில் வாக்கியங்கள் அட்டைகளில் அச்சாகி ஒரு பெட்டியில் இருக்கும். எடுப்பவர் ஒவ்வோர் அட்டையையும் 'சரி', 'தவறு', 'சொல்ல இயலாது' என்று பிரித்து வைக்க வேண்டும். அதன் நான்காம் அளவுகோலுக்கு 'சைக்கோபதிப் பிறழ்ச்சி' என்று பெயர். 50 வாக்கியங்கள் கொண்டது.

ஹாத்தவேயின் முறையில் ஒரு துணிச்சல் இருந்தது. எந்தக் கேள்வி சைக்கோபதியைக் காட்டும் என்று அவர் சிந்தித்து எழுதவில்லை. அப்படி எழுதினால் எழுதியவரின் முன்முடிவே அளவுகோலாகிவிடும் என்பது அவர் எண்ணம். நூற்றுக்கணக்கான வாக்கியங்களை இரு குழுக்களுக்குக் கொடுத்தார். ஒரு குழு, மருத்துவமனைக்கு நோயாளிகளைக் காண வந்த உறவினரும் நண்பருமாகிய 'இயல்பானவர்கள்'. மற்றது, நீதிமன்றங்களால் மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள். இரு குழுவும் எந்த வாக்கியங்களில் வேறுபட்டு விடையளித்தனவோ அவை அளவுகோலில் ஏறின. அந்த வாக்கியத்துக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன தொடர்பென்று யாரும் கேட்கவில்லை. விடை உண்மையா பொய்யா என்றும் கேட்கவில்லை.

இக்கடைசிச் செய்தியை ஒரு கோட்பாடாகவே எடுத்துரைத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் பால் மீல். 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கூறியதன் சாரம் இது: ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதை வாக்குமூலமாகக் கொள்ள வேண்டாம்; அவ்வாறு சொல்வதே அவருடைய செயல்களுள் ஒன்று, அதை ஒரு செயலாகவே பார்ப்போம். 'எனக்குத் தலைவலி அடிக்கடி வருகிறது' என்று ஒருவர் குறித்தால், அவருக்கு உண்மையில் எத்தனை முறை தலைவலி வந்ததென்பது வேறு செய்தி. அவ்வாறு குறிப்பவர்கள் எத்தகையவர்கள் என்பதே இங்குத் தேவை. இலக்கிய வாசகர்களுக்கு இது பழக்கமான இடம். நம்பத்தகாத கதைசொல்லி ஒருவன் தன்னை நியாயப்படுத்திச் சொல்லிக்கொண்டே போகும் நாவலில், அவன் சொல்வதை நாம் நம்புவதில்லை. ஆனால் அவன் அப்படிச் சொல்வதிலிருந்தே அவனை அறிந்துகொள்கிறோம். புனைகதை வாசிப்பில் நாம் அறியாமலே செய்வதை மீல் புள்ளியியலில் செய்தார் என்று சொன்னால் உளவியலார் சினந்துகொள்ளக்கூடும். எமக்கு அது பொருத்தமான ஒப்புமையாகவே படுகிறது.

பொய்யைப் பிடிக்கவும் மின்னசோட்டாவினர் வலை விரித்தனர். எல்லா மனிதரிடமும் இருக்கும் சிறு குறைகளைக் கேட்கும் 15 வாக்கியங்கள் தனியே வைக்கப்பட்டன. சினம் கொண்டதேயில்லை, வம்பு பேசியதேயில்லை என்ற பாங்கில் எல்லாவற்றையும் மறுப்பவர் தம்மை வெள்ளையடித்துக் காட்டுகிறார் என்பது கணக்கு. இதினும் நுட்பமான இன்னொரு வலையும் சில ஆண்டுகளில் சேர்ந்தது. தம்மை ஒளித்துக்கொள்வதை அளக்கும் அந்த எண்ணில் பத்தில் நான்கு பங்கைச் சைக்கோபதி எண்ணோடு கூட்டிக்கொள்ளும் வழக்கம் வந்தது. அதாவது, ஒருவர் மறைத்ததாகக் கருதப்படுவதை மதிப்பிட்டு அவர் கணக்கிலேயே ஏற்றுவது!

இவ்வளவு நுட்பத்துக்கும் அடியில் ஒரு விரிசல் இருந்தது. அளவுகோலுக்கு அடிப்படையான அந்த இளைஞர்கள் யார்? பெரும்பாலும் 17 முதல் 22 வயதினர். ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி. பள்ளிக்கு மட்டம் போட்டது, சில்லறைத் திருட்டு, பொய், குடி, அக்காலத்து மின்னசோட்டா ஒழுக்கக்கேடெனக் கருதிய பாலுறவு ஆகியவை அவர்கள்மீது இருந்த குறைகள். பெருங்குற்றவாளிகள் எவரும் அவர்களுள் இல்லை. இயல்பானவரென்று வைக்கப்பட்டவர்களோ பெரும்பாலும் மணமான, வெள்ளையின, சிற்றூர்ப்புறத்து மக்கள். தந்தையோடு சண்டையிட்டு வீட்டை விட்டு வெளியேறிய ஒரு 18 வயதுப் பெண்ணுக்கும் கிளெக்லி வரைந்த ஈரமற்ற மனிதனுக்கும் இடையிலுள்ள தொலைவை அந்த 50 வாக்கியங்கள் காட்டவில்லை. பின்வந்த ஆய்வுகள் இதையே உறுதி செய்தன: அந்த அளவுகோல் குடும்பப் பிணக்கையும் அதிகாரத்தோடு மோதுவதையும் நன்கு காட்டிற்று, நெஞ்சின் ஈரமின்மையை அவ்வளவாகக் காட்டவில்லை. எண்ணாகிவிட்ட பிறகு ஓர் ஊரின் காலத்து ஒழுக்கம் அறிவியலின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எமக்குத் தெரியவில்லை.

அதே மின்னசோட்டாவில் பயின்ற டேவிட் லிக்கன் 1957இல் வேறு வழியில் கேட்டார். சைக்கோபாத்தின் அடிப்படை அச்சமின்மை என்பது அவர் கருதுகோள். அதை நேரே கேட்டால் யாரும் தம்மை அஞ்சா நெஞ்சினர் என்றே சொல்லிக்கொள்வர். ஆகவே இரண்டிரண்டு செயல்களை இணையாக வைத்தார். இரண்டுமே விரும்பத்தகாதவை, ஒன்று அச்சமோ அவமானமோ தருவது, மற்றொன்று வெறும் சலிப்பு. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? சலிப்பைத் தாங்காது அச்சத்தைத் தேர்பவரிடம், தாம் எதைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற ஐயம் எழுவதில்லை. நேராகக் கேட்க முடியாததைப் பக்கவாட்டில் கேட்ட இந்த உத்தி, பிற்காலத்துக்குப் பெரும் வழிகாட்டியாயிற்று.

இவ்விடத்தில் இலக்கிய அன்பர்கள் அறிய வேண்டிய ஒரு கிளைக்கதை உண்டு. 1950களில் ரிச்சர்டு கிறிஸ்டி என்ற சமூக உளவியலாளர், மக்களைக் கையாள்பவர்களின் மனத்தை ஆராய விரும்பி, மாக்கியவெல்லியின் நூல்களை எடுத்து வைத்துக்கொண்டார். 'இளவரசன்' நூலிலும் மற்றதிலுமிருந்து கருத்துகளைப் பொறுக்கி, அவற்றை வாக்கியங்களாக்கி, 'உடன்படுகிறீர்களா?' என்று அமெரிக்க மாணவர்களிடம் கேட்டார். 1970இல் புளோரன்ஸ் கீஸ் என்பவருடன் அவர் வெளியிட்ட நூலில் 20 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் நிலைபெற்றது. 16ஆம் நூற்றாண்டில் ஓர் இத்தாலியர் ஆள்வோர்க்கு எழுதிய நூல் 20ஆம் நூற்றாண்டில் உளவியல் வகுப்புகளில் மதிப்பெண்ணாக மாறியது. பின்னர் 2002இல் கனடாவின் டெல்ராய் பாலஸ், கெவின் வில்லியம்ஸ் ஆகியோர் மாக்கியவெல்லித்தனம், தற்காதல், சைக்கோபதி மூன்றையும் சேர்த்து 'இருண்ட மும்மை' எனப் பெயரிட்டபோது இக்கிளை மீண்டும் பெரு நதியில் கலந்தது.

வெளியே இருக்கும் சைக்கோபாத்துகளைத் தேடுவதில் சுவையான முயற்சி கேத்தி ஸ்பாட்ஸ் விடம் செய்தது. 1970களில் பாஸ்டன் நகரின் மாற்றுப் பண்பாட்டு இதழொன்றில் அவர் விளம்பரம் கொடுத்தார். சாகச விரும்பிகள், கவலையற்றவர்கள், துடிப்பான வாழ்வு வாழ்ந்தவர்கள் தேவை என்று கிளெக்லியின் குணங்களையெல்லாம் இனிய சொற்களில் மாற்றி எழுதியிருந்தார். வந்தவர்களுள் 28 பேரை நேர்காணல் செய்து வினாப்பட்டியல்களையும் நிரப்பச் செய்து, முடிவுகளை 1977இல் வெளியிட்டார். அவர்களின் எண்கள் சிறைக்கைதிகளிடம் கண்ட எண்களைப் பெரிதும் ஒத்திருந்தன. கைதானவர் அவர்களுள்ளும் பலர் இருந்தமையால், 'வெற்றி பெற்ற' சைக்கோபாத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பழியாகச் சொன்னால் மறுக்கப்படும் ஒன்றைப் பெருமையாகச் சொன்னால் ஆட்கள் தாமே கைதூக்கி வருவர் என்பதை அந்த விளம்பரம் காட்டிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, வினாப்பட்டியலை ஏறக்குறைய ஒதுக்கிவைத்த ஒருவரே இத்துறையின் பேராளுமையானார். அவர் கனடாவின் ராபர்ட் ஹேர். 1960களில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிறையில் உளவியலாளராகத் தொடங்கியவர். 1993இல் எழுதிய நூலில் அவர் ஒரு கைதியைப் பற்றிச் சொல்கிறார். அவனுடைய சிறைக்கோப்பில் வெவ்வேறு காலத்து எம்.எம்.பி.ஐ. முடிவுகள் மூன்று இருந்தன. மூன்றும் மூன்று வெவ்வேறு மனிதர்களுடையவை போலத் தோன்றின. மருத்துவப் பிரிவுக்கு மாற வேண்டியபோது பித்தனாகவும், அங்கிருந்து வெளியேற வேண்டியபோது முழு நலத்தினனாகவும், மாத்திரைகள் வேண்டியபோது சிறிது கலங்கியவனாகவும் அவன் அட்டவணையை நிரப்பியிருந்தான். இத்தகையவரிடம் கேள்வித்தாளைக் கொடுப்பதில் பொருளில்லை என்று ஹேர் முடிவு செய்ததில் வியப்பில்லை. 1980இல் உருவாகி 1991இல் திருத்தம் பெற்ற அவரது சரிபார்ப்புப் பட்டியலில் 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்ற மதிப்பு, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30ஐ எட்டுபவர் சைக்கோபாத். மதிப்பிடுபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். நீண்ட நேர்காணல் வேண்டும். அதைவிட முக்கியமாக, கைதியின் கோப்பு வேண்டும். அவர் சொல்வதைக் கோப்போடு ஒத்துப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

இந்தக் கருவியின் வெற்றி பெரிது. பரோல் வாரியங்களிலும் நீதிமன்றங்களிலும் அது நுழைந்தது. அமெரிக்காவில் மரண தண்டனை வழக்குகளிலும் அந்த எண் வாதமாக வைக்கப்பட்டது. ஆனால் கோப்பு இல்லாதவர்களை அதனால் அளக்க இயலவில்லை. கோப்பு யாருக்கு இருக்கும்? பிடிபட்டவர்களுக்கு. கிளெக்லி கண்ட வணிகரும் மருத்துவரும் மீண்டும் பார்வையிலிருந்து மறைந்தனர்; சைக்கோபதி என்றாலே குற்றம் என்றாயிற்று. அளக்கும் கருவி எங்கே செல்ல முடியுமோ அங்கேயே அளக்கப்படும் பொருளும் இருப்பதாக நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

இதற்கு எதிர்வினையாக 1990களின் நடுவில் இரண்டு வினாப்பட்டியல்கள் வந்தன. இரண்டும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. முதலாவது, 1995இல் மைக்கேல் லெவன்சன் இருவருடன் இணைந்து வெளியிட்டது: 487 மாணவர்கள், 26 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 'சற்றும் உடன்படவில்லை' முதல் 'முற்றும் உடன்படுகிறேன்' வரை நான்கு படிகள். லெவன்சனுக்குச் சைக்கோபதி ஒரு நோயாகத் தோன்றவில்லை. பிறரைப் பொருட்படுத்தாத ஒருவகை வாழ்க்கைத் தத்துவமாகத் தோன்றியது. தத்துவமென்றால் அதை உடையவர் அதற்கு நாணமாட்டார், கேட்டால் சொல்வார். ஆகவே வல்லவனே வாழ்வான் என்ற பாங்கிலான வாக்கியங்களை முன்வைத்து உடன்பாடு கேட்டார். 16 வாக்கியங்கள் பிறரைப் பயன்படுத்திக்கொள்ளும் இயல்பையும், 10 வாக்கியங்கள் முன்பின் எண்ணாத துடுக்கையும் அளந்தன. எளியது, குறுகியது, கட்டணமற்றது என்பதால் உலகெங்கும் பரவியது. அதன் குறையும் இந்த எளிமையிலேயே இருந்தது. 19 வயதில் ஏதோ ஒரு நூலைப் படித்துவிட்டு உலகத்தை வெறுத்துப் பேசும் மாணவனையும், உண்மையிலேயே ஈரமற்றவனையும் அத்தாள் ஒரே கண்ணால் பார்த்தது. அச்சமின்மைக்கோ அதில் இடமே இல்லை.

இரண்டாவது, ஸ்காட் லிலியன்ஃபெல்டு என்பவர் பிரையன் ஆண்ட்ரூஸுடன் 1996இல் வெளியிட்ட 187 வாக்கியத் தொகுதி. லிலியன்ஃபெல்டு மின்னசோட்டாவில் லிக்கனிடம் பயின்றவர். ஆசிரியரின் பக்கவாட்டு உத்தி மாணவரிடம் தெளிவாகத் தெரிகிறது. திருட்டு, அடிதடி, சிறை பற்றி நேர்க்கேள்விகளைத் தவிர்த்தார். குணத்தை மட்டும், அதுவும் எவரும் ஒப்புக்கொள்ளக் கூசாத சொற்களில், கேட்டார். ஈரமின்மை, அச்சமின்மை, பழியைப் பிறர்மேல் ஏற்றுதல், நெருக்கடியில் கலங்காமை, பிறரைக் கவரும் ஆற்றல் என எட்டுக் கூறுகளாக அது பிரிந்தது. மனம்போனபடி நிரப்புபவரையும், தம்மைப் புனிதராகக் காட்டுபவரையும் கண்டறியும் பொறிகளும் உள்ளே வைக்கப்பட்டன. 2005இல் 154 வாக்கியங்களாக அது சுருங்கியது. ஹேரும் இதற்குள் தம் கருத்தைத் தன்மதிப்பீட்டு வினாப்பட்டியலாக்கும் முயற்சிக்கு இறங்கிவந்திருந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

சரி, பொய்யர்கள் பொய் சொன்னார்களா? இவ்வினாவுக்குக் கிடைத்த விடைதான் இவ்வரலாற்றில் எமக்கு மிகவும் வியப்பளித்தது. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சைக்கோபதி வினாப்பட்டியல்களில் மிகுந்த எண் பெற்றவர்கள் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் பொறிகளில் குறைந்த எண்ணே பெறுகிறார்கள் என்று காட்டியது. பிறர் கண்ணுக்குத் தவறாகத் தெரிவதை ஒப்புக்கொள்ள அவர்கள் அவ்வளவாகத் தயங்குவதில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத, பெயர் குறிக்காத ஆய்வில் பொய் சொல்வதற்கு அவர்களுக்கென்ன தேவை? பொய் அவர்களுக்குக் கருவி. ஆதாயம் இல்லாத இடத்தில் கருவியை எடுப்பானேன்? சிறைக்கைதி மூன்று முகம் காட்டியது உண்மை. அவனுக்கு மூன்று முறையும் பெற வேண்டியது ஒன்று இருந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அப்படியேதும் இல்லை. மேலும் 2011இல் ஜோஷுவா மில்லர் குழுவினர், ஒருவர் தம்மைப் பற்றி நிரப்பியதையும் அவரை நெருக்கமாக அறிந்தவர் அவரைப் பற்றி நிரப்பியதையும் ஒப்பிட்டபோது, இரண்டும் கணிசமாக ஒத்துப்போயின. தம்மைத் தாம் அறியாதவர்கள் என்ற பழைய கருத்தும் இதனால் ஆட்டம் கண்டது. அவர்களுக்குத் தம் இயல்பு தெரியும். அது ஒரு குறையென்றுதான் தெரிவதில்லை. இந்த முடிவுகள் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் பொருந்துவன. வேலையோ விடுதலையோ விடையைப் பொறுத்திருக்கும் இடங்களுக்கு இவற்றை நீட்டிச் செல்வது தவறாகும்.

வினாப்பட்டியல் இன்னொரு வழக்கையும் கிளப்பிவிட்டது. லிலியன்ஃபெல்டின் எண்களை 2003இல் ஸ்டீபன் பென்னிங் குழுவினர் பகுத்தபோது, பெரும்பகுதி இரண்டு காரணிகளாகப் பிரிந்தது. ஒன்று தன்னலமும் துடுக்கும் கலந்தது. மற்றொன்று 'அச்சமற்ற ஆதிக்கம்'. இரண்டுக்கும் தம்முள் தொடர்பு மிகக் குறைவு. அச்சமற்ற ஆதிக்கத்தில் உயர்ந்தவர்கள் கவலையற்றவர்கள், பழக இனியவர்கள், நெருக்கடியில் கலங்காதவர்கள். அவர்களிடம் வன்முறையோ குற்றமோ மிகுதியாக இல்லை. அப்படியானால் இதை ஏன் சைக்கோபதியின் கூறென்று சொல்ல வேண்டும்? மில்லரும் டொனால்டு லைனமும் 2012இல் இக்கேள்வியை வலுவாக எழுப்பினர். லிலியன்ஃபெல்டின் விடை, அதுவே கிளெக்லி சொன்ன முகமூடி என்பது. அதே ஆண்டு அவர் குழுவினர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வரையிலான 42 அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களை வாழ்க்கை வரலாற்றாசிரியர்களும் பிற வல்லுநர்களும் தந்த மதிப்பீடுகளின் வழியே கணக்கிட்டபோது, அச்சமற்ற ஆதிக்கத்தில் முதலிடம் பெற்றவர் தியோடர் ரூஸ்வெல்ட். அதில் உயர்ந்தவர்களை வரலாற்றாசிரியர்கள் நல்ல தலைவர்களாகவும் மதித்திருந்தனர். மறைந்த மனிதர்களுக்காக வரலாற்றாசிரியர்கள் நிரப்பிய படிவங்கள்! வீரனும் சைக்கோபாத்தும் ஒரே அச்சமின்மையிலிருந்து கிளைக்கக்கூடும் என்று லிக்கன் முன்பே சொல்லியிருந்தார். கிறிஸ்டோபர் பேட்ரிக் 2010இல் ஆக்கிய 58 வாக்கியத் தாள் துணிவு, வன்னெஞ்சம், கட்டின்மை என மூன்றையும் தனித்தனியே அளந்து வழக்கைச் சமரசம் செய்ய முயன்றது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், பின்னிணைப்பான மாற்று முறையில், சமூக விரோத ஆளுமைக்குக் குறைந்த கவலையும் துணிந்த நடத்தையும் கொண்ட ஒரு சைக்கோபதிக் குறிப்பு சேர்க்கப்பட்டது. லிலியன்ஃபெல்டு 2020இல் 59 வயதில் மறைந்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

எமக்கு இவ்வழக்கில் ஒரு சார்பு உண்டு. கிளெக்லியின் மனிதர்களை அச்சமின்மை இல்லாமல் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அதே சமயம், பிறருக்கு எத்தீங்கும் செய்யாத துணிச்சல்காரரை அச்சொல்லால் சுட்டுவது அவதூறு. துணிவு தனித்து நின்றால் சைக்கோபதி ஆகாது என்ற நடுவழியே நூல்களை வாசித்தவரையில் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இனி, எத்தனை பேர் என்ற கேள்வி. 'நூற்றில் ஒருவர் சைக்கோபாத்' என்ற வாசகம் தமிழ் இதழ்களிலும் அடிக்கடி தென்படுகிறது. 'உங்கள் மேலதிகாரியாக இருக்கலாம்' என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். 2012இல் வெளிவந்த கெவின் டட்டனின் நூல், தன்விருப்பில் நிரப்பப்பட்ட படிவங்களை வைத்துத் தலைமை நிருவாகி, வழக்கறிஞர், அறுவை மருத்துவர், மதகுரு என்று தொழில்களைத் தரவரிசைப்படுத்தியபோது இதழ்கள் அதை விருந்தாகக் கொண்டன. தாமே முன்வந்து இத்தகைய தாளை நிரப்புபவர்கள் ஒரு தொழிலுக்குப் பேராளர்கள் ஆக முடியாது என்ற எளிய உண்மை அந்த ஆரவாரத்தில் காணாமற் போயிற்று.

முறையாக எண்ணியவர்களும் உண்டு. பிரிட்டனில் ஜெரமி காய்டு குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீடுகளில் வாழும் 638 பேரை ஹேரின் பட்டியலின் சுருங்கிய வடிவத்தால் நேர்கண்டு மதிப்பிட்டனர். எல்லையைத் தாண்டியவர் 0.6 விழுக்காடு. 2021இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் 15 ஆய்வுகளை, மொத்தம் 11,497 பேரை, ஒன்றுசேர்த்தபோது கிடைத்த எண் 4.5 விழுக்காடு. அவற்றுள் ஹேரின் முழுப் பட்டியலைப் பயன்படுத்தியவற்றை மட்டும் எடுத்தால் 1.2 விழுக்காடு. மக்கள் மாறவில்லை, கருவி மாறியது. இந்த எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு, இந்திய மக்கள்தொகை அளவில் எண்ணினால், கோடிக்கணக்கான மனிதர்களைச் சைக்கோபாத் என்று சொல்வதா வேண்டாமா என்பதாகும்.

எல்லைக்கோடே செயற்கையானது என்பதற்கும் சான்று உண்டு. 2006இல் ஜான் ஈடன்ஸ் குழுவினர், சைக்கோபாத்துகள் ஒரு தனி இனமா, அன்றி எல்லோரிடமும் ஏறியும் இறங்கியும் இருக்கும் இயல்பின் உச்சியா என்பதைக் குற்றம் புரிந்தோரிடமிருந்து திரட்டிய தரவில் சோதித்தனர். தனி இனமென்று பிரிக்கும் வெட்டு எங்கும் தென்படவில்லை. உயரம், எடை போல அது ஒரு தொடர்ச்சியாகவே இருந்தது. கிளெக்லி முகமூடிக்குப் பின்னால் தேடிய அந்த வேற்று மனிதன், அரை நூற்றாண்டுக் கேள்வித்தாள்களுக்குப் பிறகு, 'எவ்வளவு?' என்ற வினாவாகிவிட்டான்.

ஆனால் அந்த 'எவ்வளவு' என்பதும் கருவிக்குக் கருவி வேறுபடுகிறது. காய்டு குழுவினர் பிரிட்டனின் வீடுகளில் நேர்கண்டவர்களுள் பெரும்பாலோர் பெற்ற மதிப்பெண் சுழியம். லெவன்சனின் தாளில் 26 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் மிகக் குறைந்த மதிப்பே 1. ஒவ்வொரு வாக்கியத்திலும் மிகக் குறைந்த மதிப்பே பெறும் ஒருவர்கூட 26 பெற்றே தீர வேண்டும்.